விருதுக்குத் தகுதியானவையா? இரண்டு படங்கள், இரண்டு சிறுவர்கள்



சென்ற பள்ளி விடுமுறையில் இரண்டு திரைப்படங்களை மீண்டும் பார்த்தேன். ஒன்று, 1941-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஹவ் கிரீன் வாஸ் மை வேலி’ எனும் ஹாலிவுட் படம். மற்றொன்று, 2015-ஆம் ஆண்டு இறுதியில் நம் நாட்டில் வெளியான ‘ஜகாட்’. முதல் படம் ஆஸ்கார் விருது பெற்றது. இரண்டாம் படம் 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவின் மிகச் சிறந்த மலேசியத் திரைப்படம் எனும் விருதைப் பெற்றது.

இவ்விரண்டையும் ஏன் சேர்த்துப் பார்க்க வேண்டும் எனத் தாங்கள் வினவலாம். காரணம் உண்டு. இரண்டுமே ஒரு தொழிலாளர் குடும்பத்துச் சிறுவனின் கதை. இரண்டிலும் ஒரு சமுதாயம் கண்ணெதிரே சிதைகிறது. இரண்டிலும் ஒரு பள்ளிக்கூடம் வருகிறது. அந்தப் பள்ளியில் பிரம்பும் வருகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு படங்களுக்கும் விருது கொடுத்தது சரியா எனும் வாதம் எழுந்தது.

விருது என்னும் அளவுகோல்

விருதைப் பற்றிய வாதம் நமக்குப் புதிதன்று. என் தந்தையார் காலத்தில் தோட்டத்துத் தேநீர்க்கடைகளில் ஓயாமல் நடந்த வழக்கு ஒன்று உண்டு. 1971-ஆம் ஆண்டுக்கான இந்தியாவின் சிறந்த நடிகர் விருது ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்திற்காக எம்.ஜி.ஆருக்கு வழங்கப்பட்டது. நடிகர் திலகம் சிவாஜி கணேசனோ அந்தத் தேசிய விருதைத் தம் வாழ்நாளில் பெறவே இல்லை. ஆனால், 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்திற்காகச் சிறந்த நடிகராகத் தேர்வு பெற்றவர் அவர்தாம்! நடுவர் மாறினால் தீர்ப்பும் மாறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நடுவர் மட்டுமல்லர், காலமும் தீர்ப்பை மாற்றும். 1941-ஆம் ஆண்டுப் படங்களின் வரலாறு அதைத்தான் காட்டுகிறது.

1941: தோற்றவர் வென்ற கதை

அவ்வாண்டில்தான் ஆர்சன் வெல்ஸ் தம் 25-ஆம் 26-ஆம் அகவைகளில் உருவாக்கிய ‘சிட்டிசன் கேன்’ வெளிவந்தது. ஒளிப்பதிவிலும் கதையை முன்பின்னாகச் சொல்லும் முறையிலும் அதற்கு முன் பலரும் கண்டிராத துணிச்சல் அதில் இருந்தது. பெரும் செய்தித்தாள் முதலாளியான வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்டை நினைவூட்டும் கதை என்பதால், அவருடைய ஏடுகள் அப்படத்தைப் புறக்கணித்தன. ஆஸ்கார் விருதுக்கு ஒன்பது பிரிவுகளில் முன்மொழியப்பட்டும், திரைக்கதைக்கான ஒரே ஒரு விருதுதான் கிடைத்தது.

1942 பிப்ரவரியில் நடந்த அவ்விழாவில் மிகச் சிறந்த படம் உட்பட ஐந்து விருதுகளைப் பெற்றது ஜான் ஃபோர்டு இயக்கிய ‘ஹவ் கிரீன் வாஸ் மை வேலி’. பின்னாளில் என்ன நடந்தது? ‘சைட் அண்ட் சவுண்ட்’ எனும் பிரிட்டிஷ் இதழ் பத்தாண்டுகளுக்கு ஒரு முறை திறனாய்வாளர்களிடம் கருத்துக் கேட்டு உலகின் சிறந்த படங்களைப் பட்டியலிடுகிறது. அதில் 1962 முதல் 2002 வரை ஐந்து முறை ‘சிட்டிசன் கேன்’ முதலிடம் பெற்றது. தோற்ற படம் உலகப் புகழ் பெற்றது. வென்ற படமோ ‘கேனைத் தோற்கடித்த படம்’ எனும் பழியைச் சுமந்தது.

அந்தப் பழி நியாயமானதா? படத்தைப் பார்ப்போம்.

வேல்ஸ் நாட்டின் நிலக்கரிப் பள்ளத்தாக்கு ஒன்றில் மோர்கன் குடும்பம் வாழ்கிறது. தந்தையும் அண்ணன்மாரும் சுரங்கத் தொழிலாளர்கள். கடைக்குட்டி ஹ்யூவின் கண்வழியே கதை நகர்கிறது. கூலி குறைகிறது, வேலைநிறுத்தம் வருகிறது, அண்ணன்மார் ஒருவர்பின் ஒருவராக ஊரைவிட்டுப் போகிறார்கள். பசுமையான பள்ளத்தாக்கு கரிக்குவியலால் கறுத்துப் போகிறது. மலைக்கு அப்பாலுள்ள பள்ளிக்குச் செல்லும் முதல் பிள்ளையான ஹ்யூவை, சுரங்கத் தொழிலாளியின் மகன் என இழிவுபடுத்தி ஆசிரியர் ஒருவர் முதுகில் பிரம்பால் விளாசுகிறார்.  இறுதியில் நன்றாகத் தேறியும் மேற்படிப்பை விட்டுச் சுரங்கத்திற்கே இறங்குகிறான்.

இதைப் படிக்கும்போது நம் தோட்டப்புறம் நினைவுக்கு வரவில்லையா? எனக்கு வந்தது. ஆகவே, அப்படத்தைத் தகுதியற்றது எனத் தள்ள என்னால் இயலவில்லை. எனினும், மறுமுறை பார்த்தபோது இரண்டு குறைகள் உறுத்தின.

முதலாவது, அது முதியவர் ஒருவரின் இனிய நினைவாகவே சொல்லப்படுவதால், துன்பமும் அழகாகத் தெரிகிறது. கொடிய ஆசிரியரைக் குத்துச்சண்டைக்காரர் ஒருவர் வகுப்பிலேயே புடைத்தெடுக்கும் காட்சியில் நாம் சிரித்துவிடுகிறோம். சிரித்ததோடு அந்தப் பள்ளியைப் பற்றிய கேள்வியும் முடிந்துவிடுகிறது.

இரண்டாவது, போர்க்காலமாகையால் வேல்ஸில் படப்பிடிப்பு நடத்த முடியவில்லை. கலிபோர்னியாவின் மாலிபு மலைப்பகுதியில் அந்த ஊரைச் செயற்கையாக எழுப்பினார்கள். பேச்சு முழுவதும் ஆங்கிலம். வெல்ஷ் மொழி பாட்டில் ஒலிக்கிறதே தவிர, மாந்தரின் வாழ்வில் இல்லை. தன் மொழியை விட்டுவிட்டுத்தான் அந்தப் பள்ளத்தாக்கு ஆஸ்கார் மேடையேறியது!

என் தீர்ப்பு இதுதான்: அது நல்ல படம். அவ்வாண்டின் மிகச் சிறந்த படம் அன்று.

2016: எந்த மொழி, எந்தப் பிரிவு?

இனி நம் வீட்டுக்கு வருவோம். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ 2015 டிசம்பர் 17-இல் திரைக்கு வந்தது. அதே நாளில்தான் ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையின் புதிய படமும் இங்கே வெளியானது. யானைக்கும் பூனைக்கும் ஒரே நாளில் ஓட்டப்பந்தயம்! படத்திற்குக் கிடைத்த அரங்குகள் சில. பார்த்தவர்கள் மற்றவர்களிடம் சொல்லிச் சொல்லித்தான் படம் பரவியது.

கதை 1990-களின் தொடக்கத்தில் நடக்கிறது. அது எத்தகைய காலம் என்பதை இளைய ஆசிரியர்களுக்காகச் சற்று விளக்க வேண்டும். இரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலம் அது. கிள்ளான் பள்ளத்தாக்கில் சீஃபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயாவாக மாறியது. கிள்ளானின் புக்கிட் ராஜா தோட்டத்து நிலங்களில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்தன. தோட்டத்தில் வேலை போனால் லயத்து வீடும் போயிற்று. கோயிலும் பள்ளியும் உறவும் கலைந்தன. பலர் நகரோரப் புறம்போக்கு நிலங்களில் பலகை வீடு கட்டிக் குடியேறினர். நாடு விடுதலை அடைந்த 1957-இல் 888-ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530-க்கும் குறைவாக இருப்பதற்கும் இந்தப் பெயர்ச்சி ஒரு முக்கியக் காரணம்.

அப்படியொரு குடியிருப்பில் வாழும் பன்னிரண்டு அகவைச் சிறுவன் அப்போய். அறிவும் கற்பனையும் குறும்பும் நிறைந்தவன். தந்தை மணியம் உழைப்பாளி. மகன் படித்து முன்னேற வேண்டும் எனும் வெறியில் கண்டிப்பதைத் தவிர வேறு வழி அறியாதவர். சிற்றப்பன்மாரில் ஒருவர் போதைப் பழக்கத்தின் பிடியில் சிக்கி மீண்டவர். ‘மெக்சிகோ’ எனப்படும் மற்றொருவர் குண்டர் கும்பலைச் சேர்ந்தவர். பள்ளியில் அப்போயின் கற்பனைக்கு இடமில்லை. அங்கே கிடைப்பது அடியும் ஏச்சும். வீட்டிலும் அதுவே. அவனை மதித்துப் பேசுகிற உலகம் மெக்சிகோவின் உலகம் ஒன்றுதான். பிள்ளை எந்தப் பக்கம் சாய்வான்?

2016 ஆகஸ்டில் 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவின் முன்மொழிவுகள் வெளியாயின. மிகச் சிறந்த திரைப்பட விருதுக்கு 70 விழுக்காடு உரையாடலேனும் தேசிய மொழியில் இருத்தல் வேண்டும் எனும் விதியால், ‘ஜகாட்’ படமும் பல இனத்தவர் விரும்பிப் பார்த்த ‘ஓலா போலா’ படமும் ‘தேசிய மொழி அல்லாத படங்கள்’ எனும் தனிப் பிரிவில் வைக்கப்பட்டன. எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பில் முன்னின்றவர்களில் மலாய்க் கலைஞர்களும் இருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. ஒளிப்பதிவாளர் முகமட் நோர் காசிம் தாம் முன்னர் பெற்ற விருதுகளைத் திருப்பி ஒப்படைத்தார். நடிகரும் இயக்குநருமான அஃப்டலின் ஷவ்கி விழாவைப் புறக்கணிப்பதாக அறிவித்தார். இறுதியில் ஏற்பாட்டாளர்கள் விதியைத் தளர்த்தினர். எல்லா மொழிப் படங்களும் போட்டியிடும் ‘மிகச் சிறந்த மலேசியத் திரைப்படம்’ எனும் பிரிவு உருவாயிற்று. செப்டம்பரில் நடந்த விழாவில் அவ்விருதை ‘ஜகாட்’ வென்றது. சிறந்த புதுமுக இயக்குநர் விருது சஞ்சய்க்குக் கிடைத்தது.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? ‘ஜகாட்’ என்பது தீயவன் எனப் பொருள்படும் ‘ஜஹாட்’ எனும் மலாய்ச் சொல், நம்மவர் நாவில் உருண்டு வந்த வடிவம். தேசிய மொழிப் படமன்று என ஒதுக்கப்பட்ட படத்தின் தலைப்பே தேசிய மொழிச் சொல்! தேசிய மொழியின் மதிப்பு குறைய வேண்டும் என்பது என் கருத்தன்று. நம் மாணவர்கள் அதில் சிறந்து விளங்க வேண்டும் என நாள்தோறும் பாடுபடுபவர்கள் நாம். ஆனால், ஒரு படம் இந்த மண்ணுக்குரியதா என்பதை உரையாடலின் விழுக்காடு முடிவு செய்ய இயலாது.

ஹாலிவுட்டும் இதே பாடத்தைப் படிக்க நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. ஆங்கிலம் அல்லாத படம் ஒன்று, கொரியப் படமான ‘பாரசைட்’, மிகச் சிறந்த படத்திற்கான ஆஸ்காரைப் பெற்றது 2020-இல்தான். நம் நாட்டில் ஒரு தமிழ்ப்படம் மேடையேறி மூன்றாண்டுகளுக்குப் பிறகு!

தகுதியா, பரிவா?

பரிவினால் கொடுத்த விருது எனச் சிலர் அன்று முணுமுணுத்தனர். மறுபடி பார்த்தபின் நேர்மையாகச் சொல்கிறேன். ‘ஜகாட்’ குறையற்ற படமன்று. சில காட்சிகள் தேவைக்கு மேல் நீளுகின்றன. பெண்களுக்கு அதில் இடம் மிகக் குறைவு. அந்த வீடுகளைத் தாங்கி நின்ற தாய்மாரை நாம் போதிய அளவு காணவில்லை. கடுஞ்சொற்களும் வன்முறையும் இருப்பதால், தொடக்கப்பள்ளி மாணவர்களுக்குக் காட்டத் தக்கதன்று. பெற்றோர் முதலில் தாங்கள் பார்க்க வேண்டும்.

ஆயினும், ஹாலிவுட் படம் செய்யத் தவறியதை இது செய்தது. தன் மக்களை அவர்களது பேச்சிலேயே பேசவிட்டது. துன்பத்தை நினைவின் இனிப்பில் தோய்த்துத் தரவில்லை. அப்போயை அடிக்கும் ஆசிரியரை யாரும் வந்து அடித்து நம்மைச் சிரிக்க வைக்கவில்லை. அந்தக் கேள்வி நம்மிடமே விடப்படுகிறது. ஆகவே, விருது தகுதிக்கே கிடைத்தது என்பது என் முடிவு.

என் சிவப்பு மைப் பேனா

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நானும் அப்போயின் தலைமுறைதான். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை முடித்து வந்த முதல் ஆண்டுகளில், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ‘நான் ஒரு மிதிவண்டி’ எனும் தன்கதைக் கட்டுரை கொடுத்தேன். நான் எந்தத் தொழிற்சாலையில் பிறந்தேன், எவ்வளவு விலைக்கு விற்கப்பட்டேன், இறுதியில் குப்பையில் கிடக்கிறேன் என எல்லாரும் ஒரே அச்சில் எழுதினார்கள். ஒரு மாணவன் மட்டும் வேறு மாதிரி எழுதினான். அவனுடைய மிதிவண்டியைத் திருடன் கொண்டுபோய்விட்டான். திருடன் அதற்கு எண்ணெய் போட்டான், துடைத்தான். அதனால் உரிமையாளனைவிடத் திருடனையே மிதிவண்டிக்குப் பிடித்துப் போயிற்றாம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிவப்பு மையால் குறுக்கே கோடிட்டு, ‘நற்பண்பு இல்லை, மீண்டும் எழுதுக’ என்று எழுதினேன். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது, புள்ளிகள்தாம் கண்முன் நின்றன. அடுத்த முறை அவன் எல்லாரையும் போலவே எழுதினான். நான் ‘நன்று’ என்று போட்டேன்.

அவன் பின்னாளில் என்னவானான் என்பதை நான் அறியேன். 2016-இல் முதன்முறை ‘ஜகாட்’ பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, அந்த மிதிவண்டிதான் நினைவுக்கு வந்தது. தன்னைப் பேணுகிறவன் பக்கம் சாய்ந்த மிதிவண்டி! அப்போயின் கதையை அந்தப் பையன் எனக்கு ஏற்கெனவே ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்திருந்தான். எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வான யூ.பி.எஸ்.ஆர். 2021-இல் அகற்றப்பட்டுவிட்டது. இனி தேர்வின் மேல் பழி போட இயலாது. கட்டுரைகளைத் திருத்த அமரும்போது இப்போதெல்லாம் நான் சிவப்பு மைப் பேனாவைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, முதலில் ஒருமுறை வெறுமனே படிக்கிறேன். தாங்களும் செய்து பாருங்கள். பெற்றோர்களே, பிள்ளையின் கட்டுரையில் புள்ளியைத் தேடும் முன் கதையைத் தேடுங்கள்.

திரைப்படத்திற்கு விருது கொடுத்தது சரியா தவறா எனக் காலம் திரும்பிப் பார்த்துச் சொல்லிவிடும். பிள்ளைக்கு நாம் கொடுத்த மதிப்பீட்டை யார் திரும்பிப் பார்ப்பார்? நாம்தாம் பார்க்க வேண்டும்.