பெருமந்தக் காலத் தமிழக வேளாண் குடும்பங்களின் செலவும் பொன் விற்பனையும் (1929–1938)

பொருளாதார நெருக்கடியின்போது குடும்பச் செலவு எவ்வாறு மாறுகிறது என்னும் வினாவிற்கு, எர்ன்ஸ்ட் எங்கெல் 1857இல் வெளியிட்ட விதியே பெரும்பாலும் விடையாக எடுத்தாளப்பெறுகிறது. வருவாய் குறையக் குறைய உணவிற்குச் செல்லும் பங்கு மிகும் என்பது அவ்விதி. பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவுசெலவுக் கணக்கிலிருந்து பெறப்பட்ட இவ்விதியைப் பெருமந்தக் காலத் தமிழக வேளாண் குடும்பத்திற்கு அப்படியே பொருத்துதல் இயலாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1929க்குப் பின் நேர்ந்தது விலையேற்றமன்று, விலைவீழ்ச்சி. சில ஆண்டுகளுக்குள் நெல்லின் விலை ஏறத்தாழப் பாதியாயிற்று. குதிரில் நெல் வைத்திருந்த குடும்பத்திற்கு உண்பதில் உடனடி நெருக்கடி இல்லை; நெருக்கடி முழுவதும் காசில் இருந்தது. ரயத்துவாரி முறையில் நிலவரி பணமாக விதிக்கப்பட்டிருந்தது. விளைச்சலின் விலை சரிந்ததற்கேற்ப அது சரியவில்லை. முன்பு பத்து மூட்டை விற்றுக் கிஸ்தி கட்டியவர் இப்போது இருபது மூட்டை விற்க வேண்டியதாயிற்று. கடனுக்கான வட்டியும் இவ்வாறே. துணி, மண்ணெண்ணெய், தீப்பெட்டி ஆகியவற்றின் விலை நெல் விலையளவிற்கு வீழவில்லை. நெல்லையே கூலியாகப் பெற்ற பண்ணையாளுக்கும் இது பொருந்தும்: கூலி நெல்லின் உணவு மதிப்பு மாறவில்லை, ஆனால் ஒரு புடவைக்குக் கொடுக்க வேண்டிய நெல்லின் அளவு கூடிற்று.

ஆகவே இக்காலச் செலவை ஆராய்வோர் உணவு, உணவல்லாதவை என்று பகுப்பதைவிட, தானியத்தால் நிறைவேறும் தேவை, காசால் மட்டுமே நிறைவேறும் கடமை என்று பகுத்தல் பொருந்தும். இரண்டாவது பகுதி சுருங்க மறுத்தது. அதற்கான காசு எங்கிருந்து வந்தது?

1931 செப்டம்பரில் பிரிட்டன் பொன் திட்டத்தைக் கைவிட்டது. ரூபாய் 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்ற வீதத்தில் ஸ்டெர்லிங்குடன் பிணைக்கப்பட்டிருந்தமையால் அதுவும் உடன் இறங்கியது. 1927ஆம் ஆண்டுச் சட்டப்படி தோலா ஒன்றுக்கு 21 ரூபாய் 3 அணா 10 பை என்றிருந்த பொன், அடுத்த சில ஆண்டுகளில் 30 ரூபாயைக் கடந்தது. நெல் மலிந்து பொன் உயர்ந்த இச்சூழலில் வீட்டு நகைகள் சந்தைக்கு வந்தன. 1931-32 முதல் மூன்று ஆண்டுகளில், ஆண்டுதோறும் 50 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பொன் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாயிற்று. இஃது ஆதாயம் கருதிய விற்பனையே என அரசுத் தரப்பு வாதிட்டது. துயர்ப் பொன் என்றனர் தேசியவாதிகள். இரு தரப்பினரும் விற்பவரை ஒற்றை ஆளாகவே கருதினர். குடும்பத்திற்குள் அப்பொன் யாருடையது என்ற வினா விவாதத்தில் இடம்பெறவில்லை. சீதனமாக வந்த அட்டிகையும் காசுமாலையும் பெண்ணின் உடைமை. கிஸ்தியும் கடன்பத்திரமும் பெரும்பாலும் ஆணின் பெயரில் இருந்தவை. ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தில் ஒரே எண்ணாகத் தோன்றுவது, வீட்டிற்குள் உடைமை கைமாறிய நிகழ்வாகும்.

இவ்வளவு பொன் வெளியேறியும் கடன் குறைந்ததா? மாகாண வங்கி விசாரணைக் குழு 1930இல் சென்னை மாகாண வேளாண் கடனை 150 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. 1935இல் டபிள்யூ. ஆர். எஸ். சத்தியநாதன் அறிக்கை அதனை 200 கோடி என்றது. மதிப்பீட்டு முறைகள் வேறுபடலாம். எனினும் புதுக்கடன் கிடைப்பதே அரிதாயிருந்த காலத்தில் இந்த ஏற்றம் நிலுவை வட்டியையே பெரிதும் சுட்டுகிறது எனக் கொள்ளலாம். கில்பர்ட் ஸ்லேட்டர் முன்பு ஆராய்ந்த இருவேலிப்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலாபுரம் முதலிய ஊர்களைப் பி. ஜே. தாமசும் கே. சி. ராமகிருஷ்ணனும் மறு ஆய்வு செய்தது 1936-37இல்தான். வீழ்ச்சியின் கடுமையான ஆண்டுகள் அதற்குள் கடந்துவிட்டன. அவ்வாய்வைப் பயன்படுத்துவோர் இக்கால இடைவெளியைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

1938ஆம் ஆண்டுச் சென்னை வேளாளர் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபர் 1க்கு முற்பட்ட கடன்களில் 1937 அக்டோபர் 1 வரை நிலுவையிலிருந்த வட்டியை நீக்கியது. வட்டி கட்டாதிருந்தவரின் சுமை இதனால் இறங்கிற்று. மனைவியின் நகையை விற்று வட்டி கட்டியவருக்கோ, செலுத்திய தொகை அசலளவைத் தாண்டியிருந்தாலன்றி அது கடனைக் குறைக்கவில்லை. விற்ற நகைக்கு ஈடு செய்யும் பிரிவு எதுவும் அச்சட்டத்தில் இல்லை.