‘அறியோம்’ என்று எழுதிய காப்புரிமை

மீமின்தேக்கியின் வரலாற்றைச் சொல்வோர் கிராஃபீனின் புகழில் வந்து முடிப்பது வழக்கம். அதன் தொடக்கமோ எளிய கரியிலும், ஓர் அறிவியலாளரின் நேர்மையான ஒப்புதலிலும் இருக்கிறது.

1957-ஆம் ஆண்டு ஜூலையில், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஹோவர்ட் பெக்கர் ஒரு காப்புரிமை பெற்றார். நுண்துளைக் கரியாலான மின்முனைகளை மின்பகுளியில் அமிழ்த்தியபோது, வழக்கமான மின்தேக்கிகளைக் காட்டிலும் மிகப் பெரிய கொள்திறன் கிடைத்தது. ஆற்றல் கரியின் துளைகளில் தங்குகிறது என்று அவர் கருதினார். ஆயினும் உள்ளே நிகழ்வது யாதெனத் துல்லியமாகத் தெரியவில்லை என்பதையும் அந்த ஆவணத்திலேயே எழுதிவைத்தார்.

விடைக்கான விதை நூறாண்டுக்கு முன்பே விழுந்திருந்தது. மின்முனையும் கரைசலும் சந்திக்கும் எல்லையில் எதிரெதிர் மின்னூட்டங்கள் இரு படலங்களாக நிற்கும் என்னும் கருத்தை 1853-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் முன்வைத்தார். பரப்பு கூடினாலும் இடைவெளி குறைந்தாலும் கொள்திறன் பெருகும். இரட்டைப் படலத்தின் இடைவெளியோ ஒரு நானோமீட்டர் அளவிலானது. செயலூட்டிய கரியின் ஒரு கிராமுக்குள் ஆயிரம் சதுர மீட்டரையும் தாண்டும் பரப்பு ஒளிந்திருக்கிறது. முதல் உலகப்போரில் நச்சுக்காற்று முகமூடிகளில் பயன்பட்டதும் இவ்வகைக் கரிதான். அதற்காகத் தேங்காய்ச் சிரட்டைகளைச் சேகரித்தார்கள். கோட்பாடு ஓரிடத்திலும் கரி வேறோரிடத்திலுமாகக் காத்திருந்தன.

இரண்டையும் இணைத்தவர் ஒஹையோ ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தின் ராபர்ட் ரைட்மயர். ஆற்றல் இரட்டைப் படலத்திலேயே சேமிக்கப்படுகிறது என்பதை அவரது 1966-ஆம் ஆண்டுக் காப்புரிமை தெளிவாக்கியது. அந்நிறுவனத்தால் அதைச் சந்தையில் நிலைநிறுத்த இயலவில்லை. உரிமம் பெற்ற ஜப்பானின் என்.இ.சி. நிறுவனமே, கணினி நினைவகங்களுக்குத் துணைமின்சாரம் தரும் சிறு சாதனமாக அதை விற்று வெற்றி கண்டது.

அத்துடன் கரி தன் மறைபொருள் முழுவதையும் வெளிப்படுத்திவிடவில்லை. கரைப்பான் மூலக்கூறுகள் சூழ்ந்த அயனியைவிடச் சிறிய துளையால் பயனில்லை என்றே நெடுங்காலம் நம்பினோம். 2006-இல் யூரி கோகோட்சி, பாட்ரிஸ் சிமோன் குழுவினர், துளை ஒரு நானோமீட்டருக்கும் கீழே குறுகும்போது கொள்திறன் உயர்வதைக் காட்டினர். தன்னைச் சூழ்ந்த கரைப்பான் உறையைக் குலைத்துக்கொண்டு அயனி உள்ளே நுழைகிறது என்பதே அவர்கள் தந்த விளக்கம்.

இவ்வரலாற்றில் அளவீடு இருமுறை விளக்கத்தை முந்தியிருக்கிறது. எதிர்பாராத எண் வந்தால் அதைக் கருவியின் பிழையென்று ஒதுக்குவதும், காரணம் தெரியாதபோது பொருந்தாத விளக்கமொன்றை ஒட்டவைப்பதும் ஆய்வு மாணவர்களாகிய நமக்கு எளிது. ஆய்வேட்டில் ‘இது இன்னும் விளங்கவில்லை’ என்று எழுத நம்மில் பலர் அஞ்சுகிறோம். பெக்கர் அஞ்சவில்லை. அந்த ஒரு வரி அவருடைய காப்புரிமையின் மதிப்பைக் குறைத்துவிடவும் இல்லை.