கொள்ளைநோய்க் காலமும் மலையகத்தின் சொல்லும்

கொழும்பிலிருந்து அவிசாவளை, கித்துல்கலை வழியாக மலையேறும் நெடுஞ்சாலை, ஹட்டனை அடையுமுன் கினிகத்தேனைக் கணவாயைக் கடக்கின்றது. கீழே களனி ஆற்றுப் பள்ளத்தாக்கு. மேலே மூடுபனியும் தேயிலைச் சரிவுகளும். இவ்வூரை மலையகத்தின் மேற்கு வாயில் என்று கூறினால் மிகையாகாது. அரிசி மூட்டையும் பத்திரிகைக் கட்டும் இவ்வழியே மேலேறின. 2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள், கொரோனாத் தொற்றின் பொருட்டு நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபொழுது, இவ்வாயிலும் ஏறக்குறைய அடைபட்டது. வழி அடைபட்ட காலத்தில் எழுத்தாளனும் அவன் மக்களும் எவ்வாறு தொடர்புற்றிருந்தனர்? இவ்வினா மலையகத்துக்குப் புதியதன்று.

சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய காலத்தில், காப்பித் தோட்டங்களை நாடித் தமிழகத்திலிருந்து வந்தோர் மன்னார்க் கரையிலிறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியும் அம்மையும் அவர்களுள் பலரை வழியிலேயே கொண்டுபோயின. அவர்களுட் பெரும்பாலோர் எழுத்தறியார். ஆயினும் சொல்லற்றவர் அல்லர். பிரிவையும் சாவையும் பாட்டாக்கினர். தாளில் ஏறாத அப்பாட்டு, வாய்க்கு வாய் தாவி, தோட்டத்துக்குத் தோட்டம் சென்றது. பின்னாளில் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) இத்தகைய மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்தமையால், எழுதப்படாத அவ்விலக்கியம் நமக்கும் எட்டிற்று.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியது. அதன்பின், தோட்டத்துக்கு வருவோர் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைக்கப்பட்டனர். அங்கிருந்து விடுபட்டுத் தோட்டம் சேர்ந்தவர்க்கு வேறொரு வேலி காத்திருந்தது. வெளியார் எவரும் துரையின் இசைவின்றி லயத்தை அணுக இயலாது. அவ்வேலியைக் கடக்கும்பொருட்டே பத்திரிகையாளர் கோ. நடேசய்யர் புடைவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்பது வரலாறு. 1931இல் அவர் ஹட்டனை நிலைக்களனாகக் கொண்டு தொழிலாளர் சம்மேளனம் அமைத்தார். அவர் துணைவியார் மீனாட்சி அம்மை, மக்கள் அறிந்த மெட்டுகளில் பாடல்கள் இயற்றிக் கூட்டங்களில் தாமே பாடினார். படிக்கத் தெரியாதவனும் கேட்கலாம். கேட்டதை மறுநாள் கொழுந்து மலையில் பாடலாம். எழுத்து நுழைய முடியாத இடத்தில் குரல் நுழைந்தது.

1934–35இல் மலேரியாக் காய்ச்சல் இலங்கையை உலுக்கிற்று. பருவமழை பொய்த்து ஆறுகள் வற்ற, தேங்கிய குட்டைகளில் நுளம்பு பெருகியது. சில மாதங்களில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கினிகத்தேனையின் கீழ்ப்புறத்தே தொடங்கும் கேகாலை மாவட்டம் மிகக் கொடிய அழிவைக் கண்டது. அக்காலத்தே 1930இல் தோன்றிய வீரகேசரியும் 1932இல் தோன்றிய தினகரனும் தமிழ் மக்களிடையே உலவின. தோட்டப் புறங்களில் ஒரு பத்திரிகை ஒருவருக்குரியதன்று. எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, சுற்றியிருந்தோர் கேட்டனர். ஒரு தாள் பல காதுகளுக்குப் பயன்பட்டது.

இனி, 2020ஆம் ஆண்டுக்கு மீள்வோம். மண்டபங்கள் பூட்டப்பட்டன, நூல் வெளியீடுகள் நின்றன. எழுத்தாளர்கள் கைத்தொலைபேசியையும் கணினியையும் நாடினர். ஹட்டனிலிருந்து ஒருவர் பேச, கொழும்பிலும் சென்னையிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்தோர் அதே வேளையில் செவிமடுத்தனர். 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் மின்னூலகம், வீட்டைவிட்டு வெளியேற இயலாதோர்க்கும் பழைய ஈழத்து ஏடுகளைத் திறந்து வைத்திருந்தது. கடல் கடந்த உறவு முன் எப்போதும் இல்லாதவாறு எளிதாயிற்று.

ஆனால் அக்கூட்டங்களில் இல்லாதவர் யார் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாடு அடங்கிக் கிடந்தபொழுதும் தேயிலைத் தோட்டங்கள் இயங்க அரசு இசைவளித்தது. பெண்கள் கூடை சுமந்து மலையேறினர். பாடசாலைகள் மூடப்பட்டமையால், வீட்டில் ஒரு தொலைபேசி இருப்பின் அது பிள்ளையின் பாடத்துக்கே போதவில்லை. அலை கிடைக்கும் மேட்டைத் தேடிப் பிள்ளைகள் ஏறியதும் உண்டு. இலண்டனில் உள்ளவர் கேட்ட மலையகக் கதையை, அக்கதைக்கு உரியவளாகிய கொழுந்து பறிப்பவள் கேட்கவில்லை.

பழங்காலத்தாரிடம் கருவி இல்லை. ஆயினும் கல்லாதவரையும் அவர்கள் விட்டுவிடவில்லை. இக்காலத்தாரிடம் கருவி உண்டு. அது எட்டாதவர் பலர். மீனாட்சி அம்மையின் பாட்டும், லயத்து வாசலில் உரக்கப் படித்தவரின் குரலும் உணர்த்தும் பாடம் ஒன்றே. எழுதியவர் எழுதியவரோடு கூடுவது பாதித் தொடர்பே. கேட்க வழியற்றவரின் வாசலுக்குச் சொல்லைச் சுமந்து செல்வதே மீதிப் பாதி. கினிகத்தேனைச் சாலை மீண்டும் திறந்துவிட்டது. அந்த மீதிப் பாதி இன்னும் நடந்து முடியவில்லை.