ஆலயத்தில் நமக்கு இருந்த இடம்

கி.பி. 1606-ஆம் ஆண்டில் இராபர்ட் தெ நொபிலி என்னும் இத்தாலிய நாட்டுக் குரு மதுரைக்கு வந்தபோது, இந்நகரில் ஏற்கெனவே ஒரு கிறிஸ்தவக் கோயில் இருந்தது. கொன்சாலோ பெர்னாண்டஸ் நடத்திவந்த அக்கோயிலுக்கு முத்துக்குளித்துறைப் பரதவரே வந்தனர். மதுரை மக்கள் நெருங்கவில்லை. ஞானஸ்நானம் கேட்போரிடம், "பரங்கிக் குலத்தில் சேர விருப்பமா?" என்று வினவும் வழக்கம் அந்நாளில் இருந்தது. கடவுளைத் தேடி வந்தவனுக்கு இவ்வினா என்ன விளங்கும்?

நொபிலி இதனை மாற்றினார். தமிழும் வடமொழியும் கற்றார். கோயில், குரு, பூசை, வேதம் முதலிய சொற்களைக் கிறிஸ்தவ வழக்கில் ஊன்றச் செய்தார். புதியவனுக்குச் சமயம் விளங்கிற்று. ஆனால் எந்தப் புதியவனுக்கு? உயர்சாதியார்க்கெனத் தனிக்கோயில் எழுந்தது. பூணூலுக்கும் குடுமிக்கும் இசைவளித்த 1623-ஆம் ஆண்டு ஆணையிலேயே, எளியோரை இகழ்ந்து ஆலயத்தில் விலகி நில்லாதீர் என்று போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரியார் வேண்டியிருந்தார். முற்பகுதி நடைமுறைக்கு வந்தது. பிற்பகுதி ஏட்டோடு நின்றது. 1640 முதல் பண்டாரசாமிகள் எனப்பட்ட குருக்கள் நம்மவரை நாடி வந்தனர் என்பது உண்மையே. எனினும் அதுவும் தனி வாசல்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனார் வேறு வழி கண்டனர். சாதியை விடாதவர்க்குச் சபையில் இடமில்லை என 1847-இல் உறுதி செய்து, சேர்ந்து உண்பதையே அதற்குச் சோதனையாக வைத்தனர். வேதத்தை மனப்பாடமாய் ஒப்புவித்த உபதேசியார் பலர், ஒரே பந்தியில் கைநனைக்க மனமின்றி விலக்கப்பட்டனர். நூறு பிரசங்கங்கள் வெளிக்கொணராததை ஒரு சோற்றுப் பந்தி வெளிக்கொணர்ந்தது.

அப்பந்தியை நம் காலத்தில் வழிபாட்டுக்குள்ளேயே கொண்டுவந்தவர், அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியாபிலஸ் அப்பாவு (1940–2005). பரட்டை அண்ணன் என்றால் இளைஞர் அறிவர். கல்வியறிவற்ற கிராமத்தாருக்கு வடசொல் மிகுந்த ஞானப்பாட்டும் கருநாடக இராகமும் அந்நியமே எனக் கண்டு, நாட்டார் மெட்டிலும் பேச்சுத் தமிழிலும் பாடல்களும் வழிபாட்டு முறையும் இயற்றினார். சேரியோடு வெளியே நிறுத்தப்பட்ட பறை ஆலயத்தினுள் முழங்கிற்று. ஒரே உலையில் பொங்கி எல்லாரும் உண்பதை அவர் நற்கருணையின் பொருளாகவே போதித்தார்.

தனிக் கல்லறை சில ஊர்களில் இன்றும் உண்டு. அங்கும் அவர் பாடல்களைப் பாடுகிறார்கள்.