திரைமொழியும் சந்தையும்

கணினித் திரையில் தோன்றும் ‘கோப்பு’, ‘சேமி’, ‘மூடு’ முதலிய சொற்கள் எம்மொழியில் இருத்தல் வேண்டும் என்பதை இன்று பயன்படுத்துவோரே தெரிவு செய்யலாம். அமைப்புப் பக்கத்திற் சென்று ஒரு மொழியைக் குறித்தால், சற்று நேரத்தில் திரை அம்மொழிக்கு மாறிவிடுகிறது. இத்துணை எளிய காரியம் முன்பு ஏன் இயலாதிருந்தது? ‘தொழில்நுட்பம் வளர்ந்திருக்கவில்லை’ என்பதே வழமையான விடை. அது பாதி உண்மைதான். மறு பாதியை அறிய நாம் வட அத்திலாந்திக்கிலுள்ள ஐஸ்லாந்தின் அண்மை வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

ஐஸ்லாந்து 1944இல் டென்மார்க்கின் முடியுறவை அறுத்துக் குடியரசாயிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் எழுதப்பட்ட சாகாக் கதைகள் அந்நாட்டு மக்களுக்கு இன்றும் படிக்கத்தக்கனவாகவே உள்ளன. பிறமொழிச் சொல்லைக் கடன் வாங்குவதிலும் பார்க்கப் பழஞ்சொல்லைப் புதுக்கிக் கொள்வதே அவர்தம் மரபு. 1960களில் பல்கலைக்கழகத்துக்குக் கணினி வந்தபோது, அறிஞர் சிகுர்துர் நோர்தால், எண்ணைக் குறிக்கும் சொல்லையும் குறிசொல்லும் பெண்ணைக் குறிக்கும் தொன்மையான சொல்லையும் இணைத்து ‘தொல்வா’ என அதற்குப் பெயரிட்டார். எண்களைக் கொண்டு குறி சொல்பவள்! நம்முடைய ‘கணினி’யிலும் இதிற் கற்பனை மிகுதி என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இயந்திரத்திற்கே தம் மொழியிற் பெயர் சூட்டிய அம்மக்கள், 1990களில் விண்டோஸ் கணினியின் முன் அமர்ந்தபோது அது அவர்களுடன் அவர்தம் மொழியிற் பேசவில்லை. விண்டோஸ் 98 பல ஐரோப்பிய மொழிகளில் விற்பனைக்கு வந்தது. ஐஸ்லாந்து மொழியில் வரவில்லை. சந்தை மிகச் சிறிது, சட்டவிரோதப் பிரதிகளோ மலிந்துள்ளன என்பது மைக்றோசொவ்ற் கொம்பனியின் நிலை. அன்று அந்நாட்டின் சனத்தொகை இரண்டேமுக்கால் இலட்சத்தையும் எட்டவில்லை.

இங்கே தொழில்நுட்பம் என்ற சாட்டு நில்லாது. ஐஸ்லாந்து மொழிக்குச் சிறப்பாகவுரிய எழுத்துக்களும், 1987இல் வெளிவந்த மேற்கு ஐரோப்பிய எழுத்துக் குறியீட்டுத் தரத்திலேயே இடம்பெற்றிருந்தன. சொற்களை மாற்றும் வழியும் அறியப்பட்டிருந்தது. நிரலை எழுதுபவர் ‘சேமி’ என்ற சொல்லை அதன் உடலுக்குள்ளேயே பதித்துவிட்டால், மொழியை மாற்ற நிரலையே திருத்தி எழுத நேரும். சொற்களையெல்லாம் பிரித்துத் தனிப் பட்டியலில் வைத்து, வேண்டியபோது நிரல் அங்கிருந்து எடுத்துக்கொள்ளுமாறு அமைத்தால், பட்டியலை மாற்றினாற் போதும். வேலை சொற்பமன்று என்பது மெய்யே. ஆயிரக்கணக்கான தொடர்கள், ஆங்கிலத்திற் குறுகிய சொல் வேற்று மொழியில் நீண்டு பெட்டிக்கு வெளியே வழியும், வேற்றுமைக்கேற்பப் பெயர்ச்சொல் உருமாறும் மொழிகளிலே துண்டுகளை ஒட்டி வாக்கியம் அமைத்தல் பிழையாகும். எனினும் இவை கூலி கொடுத்து முடிக்கத்தக்க உழைப்பே. அக்கூலிக்கு ஈடான விற்பனை இல்லை என்பதுதான் கணக்கு.

1998இல் இவ்விடயம் அரசியற் பிரச்சினையாகி, வெளிநாட்டுப் பத்திரிகைகளிலும் அடிபட்டது. 1999 சனவரியில் அந்நாட்டுக் கல்வி அமைச்சு கொம்பனியுடன் ஓர் ஒப்பந்தம் செய்தது. விண்டோஸ் 98 மொழிபெயர்க்கப்படும். பதிலுக்கு அரசு சட்டவிரோதப் பிரதிகளை ஒடுக்க முயலும். இதை மக்களின் வெற்றியென்றே நாம் கருதுகிறோம். ஆயின் ஒரு தேசம் தன் மொழியைத் திரையிற் காண்பதற்காக, ஒரு கொம்பனியின் உரிமப் பணத்துக்குக் காவலாளியாக இசைந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆங்கிலத் திரைக்குப் பழகிவிட்ட பலர் பின்னரும் அதனை விட்டு அகலவில்லை.

ஐஸ்லாந்துக்குப் பேரம் பேச ஓர் அரசாவது இருந்தது. அத்தகைய அரசின் துணையற்ற மொழிகளுக்கு வழி வேறிடத்திற் பிறந்தது. 1990களின் நடுப்பகுதியில், குனு திட்டத்தின் ‘கெற்றெக்ஸ்ற்’ என்ற கருவி, மூலத்தொடரையும் அதன் மொழிபெயர்ப்பையும் அடுத்தடுத்து எழுதும் சாதாரண உரைக்கோப்பை நடைமுறைக்குக் கொணர்ந்தது. நிரலாக்கம் அறியாத ஆசிரியரும் அதில் எழுதலாம். எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளிலே தமிழகத்திலும் புலம்பெயர்ந்தோரிடையேயும் இருந்த ஆர்வலர்கள் கேடிஈ முதலிய கட்டற்ற மென்பொருள்களை இவ்வாறே தமிழாக்கினர். ஊதியம் இல்லை, சொற்சண்டைகளுக்கோ குறைவில்லை!

தமிழுக்கு எழுத்துச் சிக்கலும் இருந்தது. 1991இல் வெளிவந்த யுனிகோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்ற போதிலும், விண்டோஸ் அதனை ஏற்றது விண்டோஸ் 2000 தொடக்கமே. அடுத்து வந்த எக்ஸ்பியிற் கிடைத்த தமிழ்த் திரையோ ஆங்கில விண்டோசின் மேற் போர்த்திய ஒரு மெல்லிய போர்வை. உள்ளே ஆழ்ந்து சென்றால் ஆங்கிலமே எதிர்ப்படும். 2009இல் விண்டோஸ் 7 வந்தபோது இவ்வேறுபாடு விலைப்பட்டியலிலேயே பொறிக்கப்பட்டது. முழுமையான மொழிப் பொதிகளை நிறுவும் வசதி, விலை உயர்ந்த ‘அல்ரிமேற்’ பதிப்புக்கும் பெருநிறுவனங்களுக்கான பதிப்புக்கும் மட்டுமே உரியதாயிற்று. ஏனையோர்க்குப் போர்வைகளே எஞ்சின. நுட்பத் தடை ஏதேனும் இருந்திருப்பின் அது உயர்ந்த பதிப்பிலும் இருந்திருக்க வேண்டுமன்றோ!

2012இல் விண்டோஸ் 8 இப்பூட்டைத் திறந்தது. ஆனால் முற்றாக அன்று. ‘ஒருமொழிப் பதிப்பு’ எனப் பெயரிய ஒன்று அதே வேளையிற் பிறந்து, குறைந்த விலைக் கணினிகளில் ஏற்றப்பட்டு வரலாயிற்று. அதில் வேறொரு திரைமொழிக்கு மாற முயல்வோரிடம், இவ்வுரிமம் ஒரு மொழிக்கு மாத்திரமே உரியது என்று இயந்திரம் அறிவிக்கிறது. உயர்ந்த பதிப்பை வாங்கும் வழியையும் காட்டுகிறது.