கருவிக் குறிப்பின் வரலாறு: ‘கிரியேட்’ முதல் முகவர் வரை

கணினிக் கருவி ஒன்று என்ன செய்யும், எதைச் செய்யாது என்பதைச் சில வரிகளில் எழுதிவைக்கும் வழக்கம் செயற்கை நுண்ணறிவு முகவர்களோடு பிறந்ததன்று. அதன் தெளிவான தொடக்கங்களுள் ஒன்று 1971 நவம்பர் 3 என்று நாளிடப்பட்ட யூனிக்ஸ் நிரலாளர் கையேடு. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய இயங்குதளத்துக்கு, துறைத் தலைவர் டக்ளஸ் மெக்கில்ராயின் வற்புறுத்தலால் எழுதப்பட்ட அக்கையேட்டில், ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், அழைக்கும் முறை, விவரம், தொடர்புடைய கோப்புகள் என்று ஒரே ஒழுங்கில் தலைப்புகள் அமைந்தன. அவற்றுள் ‘பிழைகள்’ என்பதும் ஒன்று. தாம் செய்த கருவியின் குறையைச் செய்தவரே ஒப்புக்கொள்ள இடம் ஒதுக்கிய அந்தத் தலைப்பே கையேட்டின் ஆகச் சிறந்த கண்டுபிடிப்பு எனலாம்.

கோப்பில் எழுதுவதற்கு அக்கையேடு காட்டிய வழிகளுள் ஒன்று ‘கிரியேட்’ என்னும் அழைப்பு. (ஆங்கிலச் சொல்லின் இறுதி எழுத்து அதில் இராது, யூனிக்ஸை மீண்டும் எழுத நேர்ந்தால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டதற்கு, அந்த எழுத்தைச் சேர்ப்பேன் என்று தாம்சன் சொன்னதாக நிரலாளரிடையே ஒரு பேச்சு உண்டு.) பெயரை மட்டும் பார்ப்பவர், புதுக்கோப்பைத் தோற்றுவிப்பதே அதன் வேலை என்று எண்ணுவர், உண்மையிலோ, அதே பெயரில் கோப்பு முன்பே இருந்தால், உரிமையாளரையும் அனுமதிகளையும் அப்படியே விட்டுவிட்டு, உள்ளிருந்த எழுத்தையெல்லாம் அது துடைத்துவிடும். பெயர் மறைத்த இந்த அபாயத்தைக் கையேட்டின் ஒரு வாக்கியம் வெளிப்படையாகச் சொல்லியது. படிக்காமல் அழைத்தவர் கோப்பை இழந்தார். ஆனால் அவர் மனிதர், ஒருமுறை சுட்டுக்கொண்டால் மறுமுறை கவனமாக இருப்பார்.

சேமிப்பு இணையத்துக்கு இடம் மாறியபோது, முன்பே இருப்பதற்கு என்ன ஆகும் என்ற இதே கேள்வி உருமாறித் திரும்பியது. 1997இல் வெளியாகி 1999இல் திருத்தப்பெற்ற எச்டிடிபி 1.1 வரையறை, சேவையகத்துக்குத் தரவு அனுப்பும் ‘போஸ்ட்’, ‘புட்’ என்னும் இரு வினைகளைப் பிரித்துக் காட்டியது. ‘புட்’ என்பது குறிப்பிட்ட முகவரியில் இருப்பதை அனுப்பப்பட்டதால் மாற்றிவைப்பது. பத்து முறை அனுப்பினாலும் ஒருமுறை அனுப்பியதன் முடிவே கிடைக்கும். ‘போஸ்ட்’டுக்கு அந்த உறுதி இல்லை, மறுபடி அனுப்பினால் இரண்டாவது படி உருவாகலாம். இருவர் ஒரே ஆவணத்தைத் திறந்து திருத்த, பின்னால் சேமித்தவரின் எழுத்து முன்னவருடையதை விழுங்கிவிடும் ‘தொலைந்த திருத்தம்’ என்ற சிக்கலுக்கு, படித்த பதிப்பே இன்னும் அங்கிருந்தால் மட்டும் எழுது என்று நிபந்தனை இடும் வசதி அவ்வரையறையிலேயே இருந்தது. 1999இல் வந்த வெப்டாவ் என்னும் நீட்டிப்பு, ஆவணத்துக்குப் பூட்டுப் போடும் முறையைச் சேர்த்தது.

குறிப்பை எழுதும் முறையும் மாறியது. 2001இல் வெளியான டபிள்யூஎஸ்டிஎல் 1.1 என்னும் வரையறை, இணையச் சேவையின் விவரத்தை இயந்திரம் படிக்கும் வடிவில் எழுதியது; பின்னர் ஸ்வாகர் என்ற பெயரில் தோன்றி ஓப்பன்ஏபிஐ ஆன வடிவமும் அப்படியே. இயந்திரம் அவற்றில் வகைகளையும் முகவரிகளையும் மட்டுமே பொருட்படுத்தியது. ‘விவரம்’ என்ற கட்டத்திலிருந்த உரைநடை மனிதருக்கானது, பெரும்பாலும் அவசரத்தில் நிரப்பப்பட்டது.

2023இல் இந்நிலை தலைகீழானது. அவ்வாண்டு மார்ச்சில் அறிமுகமான சாட்ஜிபிடி செருகுநிரல்களின் அறிமுகக் கோப்பில் மனிதருக்கு ஒரு விவரம், மாதிரிக்கு ஒரு விவரம் என்று இரு கட்டங்கள் தனித்தனியே இருந்தன. ஜூனில் வந்த செயல்கூறு அழைப்பு வசதியில் கருவியின் பெயர், விவரம், உள்ளீடுகளின் அமைப்பு ஆகியவை மாதிரிக்கு நேரடியாகத் தரப்பட்டன. மாதிரி என்பது இங்கே மொழியைப் படித்து அடுத்த செயலைத் தேர்ந்தெடுக்கும் நிரல். கருவியின் உட்குறியீடு அதன் கண்ணுக்குப் படாது, அந்தச் சில வரிகளே அதற்குக் கருவி.

‘ஆவணத்தைச் சேமிக்கும்’ என்று இரண்டே சொல்லில் முடிந்த குறிப்பை எடுத்துக்கொண்டால், அதே தலைப்பில் ஆவணம் இருந்தால் என்ன ஆகும், சேமித்ததை யார் பார்க்கலாம், பதில் வராதபோது மறுபடி அழைத்தால் இரட்டைப் படி உண்டாகுமா என்ற மூன்று கேள்விக்கும் அதில் விடையில்லை; விடையில்லாத இடத்தை, மாதிரியைக் கொண்டு இயங்கும் முகவர் ஊகத்தால் நிரப்பும். ‘பயனர் கேட்டால் மட்டும் புதிய ஆவணத்தை உருவாக்கும், பழையதை மாற்றாது, அதற்குத் திருத்தும் கருவி உண்டு, இணைப்பை வைத்திருக்கும் எவரும் படிக்கலாம், இருமுறை அழைத்தால் இரண்டு ஆவணம் உண்டாகும்’ என்று எழுதப்பட்ட குறிப்போ, 1971இன் ‘பிழைகள்’ தலைப்பை விவரத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிடுகிறது.

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்சிபி என்னும் பொது நெறிமுறை இந்தப் பெயர், விவரம், உள்ளீட்டு அமைப்பு என்ற மூன்றையும் ஒரே வடிவில் நிறுத்தியது. 2025 மார்ச் பதிப்பு படிக்க மட்டுமா, அழிக்கக்கூடியதா, மறுபடி அழைத்தாலும் முடிவு மாறாததா என்ற குறிப்புகளைச் சேர்த்தது. கருவியாளர் எதுவும் சொல்லாவிட்டால், எழுதும் கருவி அழிக்கக்கூடியது என்றே கொள்ளப்படும். நம்பத்தகாத சேவையகம் தரும் குறிப்புகளை மெய்யென்று கொண்டு முடிவெடுக்கலாகாது என்றும் அந்நெறிமுறை எச்சரிப்பதால், ‘அழிக்காது’ என்று தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்ட கருவியையும் சரிபார்த்து, அனுமதிக்கும் வேலை அழைப்பவரிடமே நிற்கிறது.