இரும்பு நீக்கம் (உவர்நீர் மீன்வளர்ப்பு)

இரும்பு நீக்கம் என்பது ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள இரும்பை, மீன் அல்லது இறால் தொட்டிகளில் அந்நீரை விடுவதற்கு முன் பிரித்தெடுக்கும் முறை ஆகும்.

== தேவை ==
ஆக்சிசன் அற்ற நிலத்தடி நீரில் இரும்பு, பெரசு அயனியாகக் கரைந்திருப்பதால் நீர் தெளிவாகவே தோன்றும். காற்றுப் பட்டதும் அது பெரிக்கு ஐதராக்சைடாக மாறிச் செம்பழுப்பு நிறத்தில் வீழ்படிகிறது. தொட்டிக்குள்ளேயே இம்மாற்றம் நிகழ்ந்தால் வீழ்படிவு செவுள்களை அடைத்து உயிரினங்களை மூச்சுத் திணறச் செய்யும். மீன் முட்டைகளின் மீதும் படியும்.

== முறை ==
நீரைத் தட்டுகளின் வழியே விழச்செய்து காற்றூட்டுவர். 1 மில்லிகிராம் இரும்புக்கு ஏறத்தாழ 0.14 மில்லிகிராம் ஆக்சிசன் போதும். அமிலத்தன்மை மிகுந்த நீரில் வினை மெதுவாக நடைபெறுவதால் சுண்ணாம்பு சேர்ப்பதுண்டு. பின்னர் தொட்டியில் படியவிட்டு, மணல் வடிகட்டியில் செலுத்துவர்.

== தமிழ்நாட்டில் ==
உவர்நீர் மீன்வளர்ப்புக்கான நடுவண் ஆராய்ச்சி நிறுவனம் 1987 இல் தொடங்கப்பட்டது. இதன் தலைமையகம் சென்னையிலும், கள ஆய்வு நிலையம் முட்டுக்காட்டிலும் உள்ளன.